"சாதனை படைத்தார்"னு எப்ப எழுதலாம்? பையன் கட்டுரையில டீச்சர் வட்டம் போட்டுட்டாங்க

சிப்புட்_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். சின்ன விசயம்தான், ஆனா ரெண்டு நாளா மனசுல அரிச்சிட்டே இருக்கு, அதான் இங்க கேக்கறேன். நாங்க சுங்கை சிப்புட் பக்கம். எம்மவன் அஞ்சாம் ஆண்டு படிக்கிறான். பள்ளியில 'நான் போற்றும் மனிதர்'னு ஒரு கட்டுரை எழுதச் சொல்லிருக்காங்க, மத்த பிள்ளைங்க எல்லாம் விளையாட்டாளர், தலைவர்னு எழுதினப்ப இவன் எங்கம்மாவ பத்தி எழுதிட்டான். "என் பாட்டி 34 ஆண்டுகள் பால்மரம் வெட்டிச் சாதனை படைத்தார்." இதான் அந்த வரி. (பால்மரம்னா ரப்பர் மரம்.) டீச்சர் 'சாதனை படைத்தார்'ங்கறத சிவப்புப் பேனாவால வட்டம் போட்டு, பக்கத்துல "என்ன சாதனை? யாருடைய சாதனையை முறியடித்தார்?"னு எழுதி அனுப்பிட்டாங்க. பையன் எங்கிட்ட வந்து "ம்மா பாட்டி சாதனை பண்ணலயா"ன்னு கேக்கறான், எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. டீச்சர் மேல கோவம் இல்ல, அவங்க நல்லா சொல்லித் தர்றவங்கதான். ஆனா அந்தச் சொல்லுக்கு உண்மையிலயே என்ன அர்த்தம்? யாரையாவது முந்தினாத்தான் சாதனையா? தமிழ் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லிந்தாங்_பையன்:
அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, டீச்சர் சொல்றது சரின்னுதான் எனக்குப் படுது. சாதனைன்னா ரெக்கோட். ரெக்கோட்னா ஒரு நம்பர் இருக்கணும், அந்த நம்பருக்கு முன்னாடி இன்னொரு நம்பர் இருந்திருக்கணும். உசேன் போல்ட் 2008ல பெய்ஜிங்ல 9.69, அடுத்த வருசம் பெர்லின்ல 9.58, அது சாதனை, யாரும் மறுத்துப் பேச முடியாது. முரளிதரன் டெஸ்ட்ல 800 விக்கெட், அது சாதனை. குகேஷ் 18 வயசுல செஸ் உலகச் சாம்பியன், அதுக்கு முன்னாடி காஸ்பரோவ் 22 வயசுல, அதுவும் சாதனை. பாட்டி பால் வெட்டினது பெரிய உழைப்புதான், அதுல சந்தேகமே இல்ல, எங்க ஆயாவும் வெட்டினாங்க, எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) இருந்த எல்லா ஆயாவும் வெட்டினாங்க. எல்லாரும் செஞ்சத சாதனைன்னு சொன்னா அந்தச் சொல்லுக்கு எடை போயிரும் லா.

பேனர்_கடை_ஈப்போ:
தம்பி சொல்ற எடை எப்பவோ போயிருச்சு. நான் பன்னண்டு வருசமா பேனர் அடிக்கிறேன், என் கம்ப்யூட்டர்ல 'சாதனை'ங்கற சொல் இல்லாத தமிழ் பேனர தேடித்தான் எடுக்கணும். ஆறாம் ஆண்டு அரசாங்கச் சோதனை யூபிஎஸ்ஆர் இருந்த காலத்துல ரிசல்ட் வந்த அன்னிக்கு ராத்திரி கடைய மூடவே முடியாது, ஒவ்வொரு பள்ளியும் "7ஏ பெற்று சாதனை படைத்த மாணவர்கள்"னு போட்டோவோட வருவாங்க. 2021ல அந்தச் சோதனைய எடுத்துட்டாங்க, ஆனா சொல் போகல, இப்ப எஸ்பிஎம் (அஞ்சாம் படிவச் சோதனை), பரதம், சிலம்பம், கோயில் பொங்கல் கோலப்போட்டி வரைக்கும் சாதனைதான். எனக்கு அதுல வருத்தம் இல்ல, பிள்ளைங்கள பெருமைப்படுத்தறது நல்லதுதான். எனக்குக் கஷ்டமா இருக்கறது வேற. "சாதனை முறியடித்த மாணவி"ன்னு அடிக்கச் சொல்லுவாங்க. "ஐயா, சாதனையை முறியடித்தன்னு 'ஐ' போடணும்"னா, "இல்ல அப்படியே போடுங்க, பேப்பர்ல அப்படித்தான் வருது"ம்பாங்க. அதுவும் அந்தப் பிள்ளை யாரோட சாதனையையும் முறியடிக்கல, நல்லா படிச்சு நல்ல மார்க் வாங்கிருக்கு, அவ்ளோதான். படைக்கிறது வேற முறியடிக்கிறது வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பிட்டோம். செல்வி அக்கா பையன் 'படைத்தார்'னுதானே எழுதிருக்கான், அதுக்கு டீச்சர் 'முறியடித்தாரா'ன்னு கேட்டது எப்படிச் சரியாகும்?

வாத்தியார்_ஓய்வு:
நல்ல கேள்வி எடுத்திருக்கீங்க செல்வி. 31 வருசம் தமிழ்ப்பள்ளியில இருந்தவன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்குங்க.

'சாதனை' வடமொழியில இருந்து வந்த சொல். அதுக்கு மூலம் 'சாத்'ங்கற வேர், ஒரு காரியத்த முடிக்கிறது, எண்ணினத அடையிறது. அதே வேர்ல இருந்து நம்ம வீட்ல புழங்குற எத்தன சொல் வருது பாருங்க. சாதனம்னா ஒரு வேலைய முடிக்க உதவுற பொருள். சாத்தியம்னா முடியக்கூடியது, அசாத்தியம்னா முடியாதது. பாட்டு படிக்கிறவங்க விடிகாலையில எழுந்து செய்யற பயிற்சிக்குப் பேரு சாதகம், நாலு மணிக்கு எழுந்து ஒரே வர்ணத்த நூறு தடவ பாடறது சாதகம். யோகத்துல இருக்கறவனுக்குச் சாதகன்னு பேரு. இதுல எதுலயும் அடுத்தவன முந்தறதுங்கற பேச்சே இல்ல, விடாம ஒன்ன செய்யறதுதான் உள்ள இருக்கு.

இன்னும் ஒன்னு கவனிங்க. "அவர் மௌனம் சாதித்தார்"னு சொல்றோம். வாயத் திறக்காம இருந்ததுல என்ன ரெக்கோட்? எவ்ளோ கேட்டாலும் பிடிச்ச பிடிய விடாம இருந்தார்னு அர்த்தம். "நான் எடுக்கலன்னு சாதிக்கிறான்"னும் சொல்றோம், பொய்யாவே இருந்தாலும் அதுலயே நிக்கிறான்னு அர்த்தம். ஆக சாதிக்கிறதுன்னா நிலைச்சு நிக்கிறது. இதான் தமிழ்ல அந்தச் சொல்லோட பழைய உடம்பு.

ஓட்டப்பந்தய ரெக்கோட்ங்கற அர்த்தம் பின்னால வந்து ஒட்டினது. நேரம் அளக்கற கருவியும் விளையாட்டுச் சங்கங்களும் வந்து, அளந்தத எழுதி வெக்கிற பழக்கம் வந்த பிறகுதான் அந்த எண்ணமே உலகத்துல பரவுச்சு. அதத் தமிழ்ல சொல்ல வேண்டி வந்தப்ப 'பதிவு'ன்னு ஒரு சொல் கையில இருந்தும் நம்மாளுங்க 'உலகப் பதிவு'ன்னு சொல்லல, 'உலக சாதனை'ன்னாங்க. அன்னிலருந்து ஒரு சொல்லு ரெண்டு வேலை பாக்குது. ஒன்னு பெருஞ்செயல், இன்னொன்னு அளவுல யாரும் தொடாத உச்சம். மலாய்க்காரங்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது, 'பென்சாப்பாயான்' வேற 'ரெக்கோட்' வேற. பள்ளியில ரெண்டு மொழியும் ஓடுறதால நம்ம பிள்ளைங்களும் டீச்சருங்களும் சாதனைன்ன உடனே ரெக்கோட்ன்னு எடுத்துக்கறாங்க. டீச்சர் வட்டம் போட்ட இடம் இதுதான்னு நெனைக்கிறேன்.

லிந்தாங்_பையன்:
வாத்தியாரய்யா, மௌனம் சாதித்தார் எனக்குத் தோணவே இல்ல, நன்றி. ஆனா இன்னிக்கு எப்படிப் புழங்குதோ அதானே அர்த்தம்? கட்டுரையப் படிக்கிறவங்க வேர்ச்சொல்ல தேடியா படிக்கப் போறாங்க? சாதனை படைத்தார்னு படிச்ச உடனே மலேசியச் சாதனைப் புத்தகம், கின்னஸ்னுதான் மனசு போகும்.

பழைய_ஓட்டக்காரன்:
கின்னஸ்னு சொன்னதால சொல்றேன், அந்தப் புத்தகமே ஒரு வாய்ச்சண்டையில இருந்து பொறந்தது. 1951ல அயர்லாந்துல வேட்டைக்குப் போன எடத்துல, வேட்டைக்காரங்க சுடற பறவைங்கள்ல ஐரோப்பாவுலயே வேகமாப் பறக்கறது எதுன்னு பேச்சு வந்துருக்கு. கின்னஸ் பீர் கம்பெனிய நடத்தின ஹியூ பீவர்ங்கறவரும் அந்தக் கூட்டத்துல இருந்தார். எந்தப் புத்தகத்துலயும் பதில் கெடைக்கல. இந்த மாதிரி பேச்சுக்கு ஒரு புத்தகம் வேணும்னு 1955ல மொதப் புத்தகம் போட்டாங்க. சாதிச்சவங்கள கௌரவிக்கணும்னு ஆரம்பிச்சது இல்ல, யார் சொல்றது சரின்னு தீத்துக்க ஆரம்பிச்சது. அளவுங்கறது சண்டையத் தீக்கற சாமான், மனுசனோட மதிப்புக்கு அது தராசு இல்ல.

நான் எண்பதுகள்ல மாநிலத்துக்கு 200 மீட்டர் ஓடினவன். ரெக்கோட் அளக்கறதுல எவ்ளோ நுணுக்கம் இருக்குன்னு சொல்றேன். பின்னால இருந்து அடிக்கற காத்து வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல போனா எவ்ளோ வேகமா ஓடினாலும் ரெக்கோட் ஆகாது. கையில ஸ்டாப்வாட்ச் பிடிச்சு எடுத்த நேரத்த மின்கருவி நேரத்தோட ஒப்பிட 0.24 வினாடி சேத்துக்கணும், ஏன்னா துப்பாக்கி வெடிச்ச அப்புறம்தான் மனுசன் விரல் பட்டன அமுக்கும். பள்ளி விளையாட்டுப் போட்டியில "புதிய சாதனை"ன்னு மைக்ல சொல்றாங்களே, அதுல பாதி இந்த விதிக்கு நிக்காது. அந்தப் பையன் ஓடினது பொய்யா? கால் வலிச்சது பொய்யா? இல்லையே.

எங்க தலைமுறைக்கு டாக்டர் ஜெகதீசன்தான் தெய்வம். பறக்கும் மருத்துவர்னு பேரு. 1966 பாங்காக் ஆசியப் போட்டியில மூணு தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் அரையிறுதியில 200 மீட்டர 20.92ல ஓடினார். அந்த நேரம் தேசிய சாதனையா 49 வருசம் நின்னுச்சு. 49 வருசம்! நான் ஓடின காலம் முழுக்க அந்த 20.92 சுவத்துல எழுதின மாதிரி என் கண்ணு முன்னாடியே இருந்துச்சு, நான் பக்கத்துலகூடப் போகல. 2017ல கைருல் ஹபிஸ் ஜந்தான் 20.90 ஓடினான். ரெண்டே ரெண்டு நூறுல ஒரு பங்கு வினாடி. எனக்குச் சந்தோசம்தான், நல்ல பையன், நல்ல ஓட்டம். ஆனா அன்னிக்கு ஒரு செய்தியில "ஜெகதீசனின் சாதனை முறியடிப்பு"ன்னு படிச்சப்ப நெஞ்சு ஒரு மாதிரி ஆச்சு. முறியறதுன்னா கொம்பு முறியறது, எலும்பு முறியறது. எதிரியோட சதிய முறியடிப்பாங்க, வேலைநிறுத்தத்த முறியடிப்பாங்க. டாக்டர் ஓடினது என்ன சதியா? அந்த மனுசன் 68ல ஓடின ஓட்டம் அங்கயேதான் இருக்கு, அத யாரும் முறிக்கல, இவன் அதத் தாண்டிப் போனான். தாண்டினார், கடந்தார், விஞ்சினார்னு எத்தன நல்ல சொல்லு நம்மகிட்ட இருக்கு.

கேமரன்_மல்லி:
ஓட்டக்கார அண்ணே, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். நான் பத்து வருசம் தமிழ்ப் பத்திரிகையில செய்தி மொழிபெயர்த்தவ, அந்த 'முறியடிப்பு' தலைப்புங்கள்ல சிலது நானும் போட்டதுதான். எப்படி வருதுன்னா, ஆங்கிலத்துலயும் மலாயிலயும் ரெக்கோட்ட 'உடைக்கிறது'ன்னுதான் சொல்றாங்க, ராத்திரி பத்து மணிக்கு அச்சுக்கு அனுப்பணும், உடைத்தார்னு போட்டா நல்லா இல்ல, முறியடித்தார்னு போட்டுருவோம். ஒரு பத்து தடவ போட்டா அதுவே வழக்கமாயிருது. விஞ்சினார்னு போட்டா எடமும் கம்மி, சொல்லும் அழகு, ஆனா அன்னிக்கு அந்த நிதானம் இல்ல.

இதவிடப் பெரிய தப்பு ஒன்னு நடக்குது, அத யாராவது கவனிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. பொருளாதாரச் செய்தியில "ரிங்கிட் சாதனை அளவுக்குச் சரிவு"ன்னு எழுதறாங்க. 1998 ஜனவரியில ரிங்கிட் ஒரு டாலருக்கு 4.88 வரைக்கும் விழுந்துச்சு, அந்த வருசம் செப்டம்பர்லதான் 3.80ன்னு கட்டிப்போட்டாங்க. எங்கப்பா அப்ப வேல போயி வீட்ல உக்காந்திருந்தார், சாமான் வாங்கப் போனா விலையப் பாத்துட்டுத் திரும்பி வருவோம். அந்தச் சரிவு யாரோட சாதனை? ஆங்கிலத்துல ரெக்கோட்ங்கற சொல்லுக்கு நல்லது கெட்டது கிடையாது, ஒசரத்துக்கும் அதான் பள்ளத்துக்கும் அதான். தமிழ்ல சாதனைன்னா ஒருத்தர் முயற்சி பண்ணி அடைஞ்சது, அதுக்குள்ள ஒரு மனுசன் இருக்கார், அவருக்கு ஒரு பெருமை இருக்கு. வெள்ளத்துக்கும் விலைவாசிக்கும் அதப் போடக்கூடாது. 'இதுவரை இல்லாத சரிவு', 'வரலாறு காணாத வெள்ளம்'னு சொல்ல நமக்கு வழி இருக்கே.

அதனால செல்வி அக்கா, உங்க பையன் எழுதினத விட இந்தச் செய்தித் தலைப்புங்களுக்குத்தான் சிவப்பு வட்டம் தேவை.

லிந்தாங்_பையன்:
மல்லிக்கா சொன்ன ரிங்கிட் விசயம் நூத்துக்கு நூறு சரி, அத நானும் இனிமே எழுத மாட்டேன். ஆனா ஒரு சந்தேகம். நம்ம நாட்டு 'பல் ராஜா' ராதாகிருஷ்ணன் வேலு இருக்காரே, கோலாலம்பூர் ரயில் நிலையத்துல பல்லால ரயில் இழுத்தவர். 2003ல 260.8 டன்ன 4.2 மீட்டர் இழுத்தார். 2007ல 297.1 டன்ன 2.8 மீட்டர் இழுத்தார். எடை கூடிருச்சு, தூரம் கொறஞ்சிருச்சு. இப்ப அவர் தன் சாதனைய தானே முறியடிச்சாரா, இல்ல புதுசா ஒன்ன படைச்சாரா? எடைதான் கணக்குன்னு முன்னாடியே முடிவு பண்ணதாலதான அது ரெக்கோட் ஆச்சு. எழுதிட்டு இருக்கறப்பவே எனக்கே தோணுது, எத அளக்கறதுன்னு ஒருத்தர் முடிவு பண்ணாத்தான் நம்பரே வருது போல.

பழைய_ஓட்டக்காரன்:
அதேதான் தம்பி. இன்னொன்னும் சேத்துக்க, கம்பு ஊன்றித் தாண்டற செர்கை பூப்கா 35 தடவ உலக சாதனைய ஏத்தினார், பல தடவ ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டரா. ஒவ்வொன்னும் முறியடிப்புதான், முறிஞ்சது அவரோடதேதான். இந்தப் பக்கம் 1997 மே 23ஆம் தேதி மகேந்திரனும் மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியில நின்னாங்க, அங்க மொதல்ல கால் வெச்ச மலேசியர்கள். அந்த 'மொதல்ல'ங்கறத யாராலயும் முறியடிக்க முடியாது, இன்னும் ஆயிரம் பேர் ஏறினாலும் அது அப்படியேதான் இருக்கும். முன்னாடி ஒரு நம்பரும் கிடையாது, பின்னாடி ஒரு நம்பரும் கிடையாது. நீ மொதல்ல சொன்ன விதிப்படி பாத்தா அது சாதனையே இல்ல. மனசு ஒத்துக்குதா?

லிந்தாங்_பையன்:
ஒத்துக்கல அண்ணே. அந்த விதிய வாபஸ் வாங்கிக்கறேன்.

பேனர்_கடை_ஈப்போ:
'படைக்கிறது'ங்கறதையும் யாராவது பேசணும். நம்ம வீட்டுல படைக்கிறதுன்னா என்ன? முனியாண்டிக்குப் பொங்கல் வெச்சு வாழையிலை போட்டுப் படைக்கிறோம், செத்தவங்களுக்கு அவங்களுக்குப் பிடிச்சத வெச்சுப் படைக்கிறோம். உண்டாக்கறதும் படைக்கிறது, முன்னால கொண்டுவந்து வெக்கிறதும் படைக்கிறது. சாதனைய படைச்சார்னா செஞ்சு நம்ம முன்னால வெச்சார்னு எனக்குத் தோணும். இது இலக்கணம் இல்ல, பேனர் அடிக்கறப்ப எனக்கு வர்ற எண்ணம்தான்.

வாத்தியார்_ஓய்வு:
இலக்கணத்துக்கும் அது முரண் இல்ல, ரெண்டு பொருளும் அகராதியில இருக்கு. செல்வி, உங்கம்மா பால் வெட்டினத பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன். பையன் கட்டுரையில அந்த ஒரு வரிக்கு அப்புறம் என்ன எழுதிருந்தான்?

சிப்புட்_செல்வி:
வாத்தியாரய்யா, அந்த வரிக்கு அப்புறம் "அவர் மிகவும் நல்லவர். எனக்குப் பலகாரம் செய்து தருவார்"னு முடிச்சிட்டான். அவனுக்கு என்ன தெரியும், அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறிருச்சு, அம்மா பால் வெட்டுற கத்திய கீழ வெச்சது 2001ல.

நான் பாத்தத சொல்றேன். அம்மா 1967ல, கல்யாணம் ஆகி வந்த மறு மாசமே தீம்பார்ல (பால் வெட்டுற காடு) எறங்கினாங்க. காலையில நாலரைக்கு எழும்பி சோறாக்கி, எங்கள ஆயாக்கொட்டாய்ல (பிள்ளைங்கள பாத்துக்கற எடம்) விட்டுட்டு அஞ்சரைக்குப் பெரட்டுல (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கற எடம்) நிப்பாங்க. தலையில விளக்கு கட்டிக்கிட்டு இருட்டுலயே வெட்ட ஆரம்பிக்கணும், வெயில் ஏறிட்டா பால் ஓட்டம் கொறஞ்சிரும். ஏறக்குறைய 400 மரம். ஒவ்வொரு மரத்துலயும் மொத நாள் ஓடி காய்ஞ்ச ஒட்டுப்பால உரிச்சு பைல போட்டு, மங்க (பால் புடிக்கற கோப்பை) தொடைச்சு வெச்சு, கத்திய பட்டையில வெச்சு இழுக்கணும். பத்து வயசுல ஸ்கூல் லீவுல நானும் கூடப் போவேன், அம்மா வெட்டுறத பக்கத்துல நின்னு பாப்பேன். சீவல் ஒரு பழைய அஞ்சு காசு கனம்கூட இருக்காது, சுருள் சுருளா கீழ விழும். ஆழம் பத்தலன்னா பால் வராது, ஒரு மயிரிழை ஆழமாப் போயிட்டா மரத்துக்குக் காயம், அந்த எடத்துல கட்டி கட்டியா முண்டு வந்து திரும்பப் பட்டை வளந்தாலும் வெட்ட முடியாது. கங்காணி வந்து காயத்த எண்ணுவார். எங்கம்மா நிரையில (மர வரிசை) எண்ண ஒன்னும் இருக்காது. புதுசா வர்ற பொண்ணுங்கள எங்கம்மா நிரையிலதான் விட்டு "பாத்துக் கத்துக்க"ம்பாங்க.

பத்து மணிக்கு மேல பால் எடுத்து, ரெண்டு வாளிய காண்டாவுல (தோள்ல வெக்கிற கம்பு) மாட்டித் தோள்ல சொமந்து ஸ்டோருக்கு நடக்கணும். இப்பவும் அம்மாவுக்கு வலது தோள் இடது தோள விட எறங்கித்தான் இருக்கும், சட்டை தைக்கிற அக்கா அளவெடுக்கறப்ப ரெண்டு தோளுக்கும் தனித்தனியா எழுதிப்பாங்க. மழை பேஞ்சு பட்டை நனைஞ்சிட்டா வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா சம்பளம் இல்ல.

வாத்தியாரய்யா 'சாதிக்கிறான்'னு ஒன்னு எழுதினீங்கள்ல, அத நேத்து ராத்திரி அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். அம்மா ஒடனே சொன்னாங்க, "நான் எங்க சாதிச்சேன், ஸ்டோர்ல இருந்த கிராணிதான் (கணக்குப்பிள்ளை) சாதிப்பான்"னு. என்னன்னா, பால்ல மெட்ரோலாக்குங்கற அளவுக் குச்சிய விட்டுப் பாத்துதான் எவ்ளோ ரப்பர் இருக்குன்னு கணக்குப் போடுவாங்க. ஒரு கிராணி இருந்தாராம், கொறைச்சுக் கொறைச்சு எழுதுவாராம். அம்மாவுக்குப் படிப்பு இல்ல, ஆனா குச்சியில எந்தக் கோட்டு வரைக்கும் முங்குச்சுன்னு கண்ணால பாத்து வெச்சிருப்பாங்க. "ஐயா கோடு அங்க இருந்துச்சு நீங்க இங்க எழுதிருக்கீங்க"ன்னா, "இல்லவே இல்ல"ன்னு சாதிப்பாராம். அம்மாவும் வாளிய எடுக்காம அங்கயே நிப்பாங்களாம், பின்னாடி வரிசை கத்தும், திரும்ப விட்டுப் பாக்கற வரைக்கும் நகர மாட்டாங்களாம். நான் கேட்டேன், "அப்ப நீயும்தானேம்மா சாதிச்ச". அம்மா ஒன்னும் சொல்லல, வெத்தலைய மடிச்சு வாயில போட்டுக்கிட்டாங்க.

கேமரன்_மல்லி:
அக்கா, இது முழுசும் கட்டுரையில வரணும். சட்டை தைக்கிற அக்கா ரெண்டு தோளுக்கும் தனித்தனியா அளவெடுக்கறது, அது ஒன்னு போதும்.

லிந்தாங்_பையன்:
அக்கா மன்னிச்சிருங்க. எல்லா ஆயாவும் வெட்டினாங்கன்னு நான் மேல எழுதினது ரொம்ப லேசா எழுதிட்டேன். எங்க ஆயாவோட தோள நான் பாத்ததே இல்லயேன்னு இப்பத்தான் தோணுது. அவங்க போயி ஆறு வருசம் ஆச்சு.

வாத்தியார்_ஓய்வு:
தம்பி, எல்லாரும் செஞ்சா சாதனை ஆகாதுன்னு நீங்க கேட்டதுக்கு ஒரு பதில் நம்ம ஊர்லயே இருக்கு. 1960ல தோட்டங்கள துண்டு போட்டு வித்துட்டு இருந்த காலத்துல, அப்ப அமைச்சரா இருந்த, சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சார். தோட்டம் தோட்டமாப் போயி, பால் வெட்டுறவங்ககிட்ட பத்துப் பத்து வெள்ளியாச் சேத்து, அந்தப் பணத்துலயே தோட்டங்கள வாங்கினாங்க. கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டம்தான் மொதல்ல வாங்கினது. சம்பந்தன் சாதனைன்னு சொல்றோம், சரிதான். ஆனா அந்தப் பத்து வெள்ளிய வயித்தக் கட்டிக் குடுத்தது யாரு? ஆயிரக்கணக்கான பேர் சேந்து செஞ்ச சாதனைன்னு ஒன்னு உண்டு, அதுல ஒருத்தர ஒருத்தர் முந்தவே இல்ல.

டீச்சருக்காகவும் ஒரு வார்த்தை பேசறேன். அவங்க வட்டம் போட்டது ஒருவகையில நல்லதுதான். 'சாதனை படைத்தார்' தப்பான சொல் இல்ல, செல்வி, உங்க மகன் தமிழ் சரிதான், அத டீச்சர்கிட்ட நீங்க தைரியமாச் சொல்லலாம். ஆனா பிள்ளைங்க அந்த ரெண்டு சொல்ல எழுதிட்டு அதோட பேனாவ வெச்சிடறாங்க. "என்ன சாதனை?"ன்னு டீச்சர் கேட்டதுக்குப் பதில் உங்க வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்கு. ரெண்டாவது கேள்விய விட்டுருங்க, மொதக் கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்க.

பழைய_ஓட்டக்காரன்:
எனக்கு ஒன்னே ஒன்னுதான் சொல்லணும். 34 வருசம், நாளைக்கு 400 மரம், ஒரு காயம் இல்லாம. மலேசியாவுல ஓடுன எந்த ஓட்டக்காரனும், என்னையும் சேத்து, அவ்ளோ நாள் ஒரே தரத்துல நின்னது கிடையாது. அம்மாவ நான் கேட்டதாச் சொல்லுங்க.

சிப்புட்_செல்வி:
எல்லாருக்கும் நன்றி. நேத்து சாயங்காலம் டீச்சர பாத்தேன். மௌனம் சாதிக்கிறது, சாதகம், வாத்தியாரய்யா எழுதினது எல்லாத்தையும் சொன்னேன், பொறுமையாக் கேட்டாங்க. 'படைத்தார்' இருக்கட்டும், ஆனா ரெக்கோட்ங்கற அர்த்தமும் பிள்ளைங்களுக்குத் தெரியணும்னுதான் கேட்டேன்னாங்க. ரெண்டு அர்த்தத்தையும் வகுப்புல சொல்லித் தரேன்னாங்க. "சாதனை அளவுக்குச் சரிவு"ங்கறது அவங்களுக்கும் பிடிக்காதாம்.

பையன் ராத்திரி பாட்டி பக்கத்துல உக்காந்து கேட்டுக் கேட்டுத் திரும்ப எழுதினான், ஒன்பதரை ஆயிருச்சு. அவன் எழுதினத அப்படியே போடறேன்: "என் பாட்டி எட்டாம் நம்பர் தீம்பாரில் 34 ஆண்டுகள் பால்மரம் வெட்டினார். ஒரு நாளைக்கு 400 மரம். அவர் வெட்டிய மரத்தில் கங்காணி காயம் தேடுவார், கிடைக்காது. ஸ்டோரில் கணக்கைக் குறைத்து எழுதினால் சரியாக எழுதும் வரை பாட்டி நகர மாட்டார். இப்படித்தான் என் பாட்டி சாதனை படைத்தார்."

படிச்சுக் காட்டுன்னு அம்மா கேட்டாங்க. கண்ண மூடிக் கேட்டுட்டு, "எட்டாம் நம்பர் இல்லடா, அது உங்க தாத்தா வெட்டினது. நான் பதினொன்னு"ன்னாங்க. அழிச்சுட்டு பதினொன்னுன்னு எழுதிட்டான்.